பெயரில்லாத நடுக்கம்

மலைக்குள் ஓர் அறை இருந்தது.

ஜவ்வாது மலையில் பாறையைக் குடைந்து, படி இறங்கிப் போகிற மாதிரி கட்டிய அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே போகிறவர்கள் செருப்பை மட்டுமல்ல, செல்போன், கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கோயில்கூட இவ்வளவு கேட்பதில்லை. பொருள்களை அளந்து சொல்லும் ஓர் ஆய்வு நிலையம் அது. புது உலோகம், புதுப் பூச்சு, புது இழை என்று யார் எதைச் செய்தாலும் அதன் குணம் என்ன என்பதை எண்ணாகச் சொல்லி அனுப்புவது அங்கிருப்பவர்களின் வேலை.

அந்த அறைக்குப் பொறுப்பு மங்கையர்க்கரசி. நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கலாம். அரசி மேடம் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் ஏதாவது ஒரு காரியம் செய்வார். அதுதான் பதில் என்பது கேட்டவருக்குப் புரியச் சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

அவரிடம் மாணவராகச் சேர வந்த இன்னாசி அவரைவிட மூத்தவர். மீசை முழுக்க நரைத்துவிட்டது. தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏன் சார் இங்க வரணும்னு தோணுச்சு?" என்று அரசி மேடம் கேட்டார்.

"பாடம் நடத்தி நடத்தி அலுத்துப் போச்சு மேடம். ஒண்ணையாவது நானே அளக்கணும்."

"சென்னையில இதைவிடப் பெரிய கருவியெல்லாம் இருக்கே."

இன்னாசி கொஞ்சம் தயங்கினார். "சென்னையில கடல் இருக்குல்லா. எனக்குக் கடல் சத்தம் கேக்காத இடம் வேணும்."

அவர் பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். தம்பி தொபியாஸ் ஒரு நாள் வள்ளத்தில் கடலுக்குப் போனான். வள்ளம் வேறொரு கரையில் ஒதுங்கியது. தொபியாஸ் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு இன்னாசிக்கு அலைச் சத்தம் கேட்டால் சோறு இறங்காது, தூக்கம் வராது. வரைபடத்தை விரித்து, கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊராகப் பார்த்து வேலை தேடிக்கொண்டு போனவர், அதன்பின் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அம்மாவையும் தர்மபுரிக்கே அழைத்துக்கொண்டார்.

அரசி மேடம் "சரி, வாங்க" என்று கீழே கூட்டிக்கொண்டு போனார்.

அறைக்குள் ஒரு நாற்காலி. அதில் ஆள் இல்லை. உட்காரும் பலகையின்மேல் ஒரு பழைய குண்டு பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"யாருமில்லாத நாற்காலிக்கு எதுக்கு மேடம் விளக்கு?"

அரசி மேடம் விளக்கை அணைத்து ஓரமாக வைத்தார். "உக்காருங்க."

உட்கார்ந்தார். நேரம் போனது. வெகு நேரம் கழித்து இன்னாசிக்கே விளங்கியது. மனித உடம்பு சூடானது. ஆள் வந்து உட்கார்ந்தால் அறை சூடாகும், எழுந்து போனால் ஆறும். அறை ஆறினால் உள்ளே இருக்கிற உலோகம் சுருங்கும், கண்ணாடி சுருங்கும், அளவு மாறும். ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் ஆளுக்குப் பதிலாக, ஆளின் சூட்டைத் தரும் விளக்கு. அறைக்கு நீங்கள் போனதே தெரியக்கூடாது.

இன்னாசிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு வருடம் வகுப்பறையில் வெப்பம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். தான் உட்கார்ந்தால் ஓர் இரும்பு நீளும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

வெளியே வரும்போது படிக்கட்டின் மேலே ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. அதில் பல கையெழுத்துகளில் வரிசையாக எழுதியிருந்தார்கள். விளக்கு. மூச்சுக்காற்று. பாறையின் ஈரம். சமையலறை மிக்ஸி. ஓரிடத்தில் 'நிலா' என்று இருந்தது.

"நிலாவா?"

"கடல் ஏறி வத்துற மாதிரி பாறையும் நிலாவுக்கு ஏறி இறங்கும் சார். ரொம்பக் கொஞ்சம்தான். அதைக் கழிக்கணும்." அரசி மேடம் சாக்குக்கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இங்க ஒரே ஒரு சட்டம்தான். அளவுலேர்ந்து எதை வேணா கழிச்சுக்கலாம். ஆனா அது என்னன்னு பேர் எழுதிட்டுத்தான் கழிக்கணும். பேர் தெரியாததைக் கழிக்கக் கூடாது."

இதென்ன பிரமாதம் என்றுதான் இன்னாசி அன்று நினைத்தார்.

அவருக்குக் கிடைத்த வேலை ஒரு பூச்சை அளப்பது. எலும்பு முறிந்தவர்களுக்கு உள்ளே வைக்கிற தகட்டின்மேல் பூசுவதற்காக யாரோ புதிதாகச் செய்திருந்தார்கள். கிருமி அதில் ஒட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கையை எண்ணாக்கிக் கொடுக்க வேண்டும். பூச்சு தன்னருகே வரும் பொருளை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். இழுப்பு குறைவாக இருந்தால்தான் ஒட்டாது.

காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், தலைமுடியைவிட மெல்லிய இழையில் ஒரு சின்னத் தகடு தொங்கியது. தகட்டில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதில் பட்டுத் திரும்பும் ஒளி எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளியாக விழும். பூச்சைத் தகட்டுக்கு மிக அருகே கொண்டுபோனால் தகடு கொஞ்சம் திரும்பும், சுவரில் புள்ளி நகரும். நகர்ந்த தூரம்தான் இழுப்பின் அளவு. அவ்வளவு எளிமையான கருவி. ஒரு கொசு இறக்கையின் எடையில் லட்சத்தில் ஒரு பங்கைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கும்.

இன்னாசிக்குக் கொடுத்திருந்த இடம் நிரந்தரமானதல்ல. வேறு தொழிலிலிருந்து நடுவயதில் வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய ஆய்விடம். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் ஒரு குழு வந்து பார்க்கும். அளவு கிடைத்திருந்தால் நீடிக்கலாம். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அவர் வயதுக்கு வேறெங்கும் கதவு திறக்காது என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். விட்ட வேலைக்கும் இனித் திரும்பிப் போக முடியாது.

கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். அறை தன்னைப் பழகிக்கொள்ளக் காத்திருந்தார். சுவரைப் பார்த்தார்.

புள்ளி நிற்கவில்லை.

இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பயறு அகலம் இருக்கும். பயறுதானே என்று விட முடியாது. அவர் அளக்க வேண்டிய இழுப்பு அதில் பாதிகூட இல்லை.

இன்னாசி அந்த நடுக்கத்தின்மேல் படையெடுத்தார். முதலில் ஜெனரேட்டரைத் தூரமாக மாற்ற வைத்தார். பிறகு சமையலறைக் குளிர்பெட்டி வெளியே போனது. பிறகு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஒருநாள் முழுக்க நிறுத்தி, நிலையத்தில் யாரும் குளிக்காமல் பார்த்துக்கொண்டார். சமையல் செய்யும் குப்பு அக்காவிடம் காலை ஊன்றி நடக்காதீர்கள் என்றார்.

"ஏற்கெனவே பூனையாட்டம்தான் சார் நடக்கறேன்" என்றார் குப்பு அக்கா. "தோசையைத் திருப்பிப் போடவே பயமா கீது."

அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், காலையில் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்வதை மாலைக்கு மாற்றச் சொன்னார். உடற்பயிற்சி ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பசங்க கை காலை ஆட்டறதுல உங்க மெஷினுக்கு இன்னா சார் நோவு?" என்றாலும் மனிதர் நல்லவர், மாற்றிக்கொண்டார்.

புள்ளி ஆடிக்கொண்டேயிருந்தது. மோட்டாரையும் பிள்ளைகளையும் அது கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. ஒரு பெரிய மூச்சு விடுகிற அவகாசத்தில் இடமிருந்து வலம் போனது, வந்தது.

இன்னாசி அரசி மேடத்திடம் போய் நின்றார். "இந்த நடுக்கம் எங்கேர்ந்து வருது மேடம்?"

அரசி மேடம் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அதைப் படியில் வைத்தார். "பாருங்க."

இன்னாசி குனிந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஒண்ணும் ஆடலையே மேடம்."

"ம்" என்று அரசி மேடம் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னாசிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாத்தியார் மூளை சும்மா இருக்குமா? நடுக்கத்தின் போக்கைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். அடுத்து எந்தப் பக்கம் ஆடும் என்று அதுவே கணித்துக் கழித்துவிட்டது. திரையில் கோடு நேராக வந்தது. நேரான கோட்டில், பூச்சு அருகே போனதும், அழகாகப் படி போல ஒரு சின்ன ஏற்றம். அதுதான் இழுப்பு. முதன்முறையாக அவர் கையில் ஓர் எண் இருந்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினார்.

அரசி மேடம் கோட்டைப் பார்த்தார். "அழகா இருக்கு சார். எதைக் கழிச்சீங்கன்னு பலகையில எழுதிட்டு வாங்க."

இன்னாசி கரும்பலகை முன் நின்றார். கொஞ்சம் யோசித்து 'இரைச்சல்' என்று எழுதினார்.

அரசி மேடம் வந்து அதைக் கையாலேயே அழித்தார். "இரைச்சல்னு ஒரு பொருள் உலகத்துல இல்ல சார். நமக்கு வேண்டாததுக்கு நாம வச்ச பேர் அது."

"மேடம், இந்தத் தகடு நாளைக்கு ஒரு மனுசன் காலுக்குள்ள போகப் போகுது. அவனுக்கு இங்க எது ஆடிச்சுன்னு தெரியணுமா?"

"அவருக்கு எண் சரியான்னு தெரியணும்."

"சரியாத்தானே வந்திருக்கு?"

"நீங்க கழிச்சதுல நடுக்கம் மட்டும்தான் போச்சா? பூச்சோட இழுப்புலயும் கொஞ்சம் சேர்ந்து போச்சா?"

போனது என்ன என்று தெரியாமல், மிஞ்சியது என்ன என்று எப்படிச் சொல்வது? இன்னாசி சாக்குக்கட்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ஐப்பசி வந்தது. நடுக்கம் கூடியது. பயறு அகலம் மொச்சை அகலமானது. குழு திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் சுவரில் புள்ளி விரல் அகலத்துக்கு ஆடியது. இன்னாசி வெளியே வந்து பார்த்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்றில்லை. ஓர் இலை அசையவில்லை. ஆடுவதற்கு அந்த மலையில் ஒரு காரணமும் இல்லை.

அவர் தான் தங்கும் அறைக்குப் போய்த் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தார்.

"நான் கிளம்புதேன் மேடம். திங்கக்கிழமை வர்றவங்க முன்னால தலைகுனிஞ்சு நிக்க முடியாது. என்னால ஆவல."

அரசி மேடம் பையைப் பார்த்தார். "போகலாம். பையை இங்க வச்சிட்டு ஒரு தடவை கீழ வாங்க."

இருவரும் இறங்கினார்கள். நாற்காலியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரசி மேடம் அதை அணைக்கவில்லை.

"ஒருத்தர் சூடுதான் இந்த அறைக்குக் கணக்கு" என்றார் இன்னாசி, பழக்கதோஷத்தில்.

"இன்னிக்கு அளக்கப் போறதில்ல. பரவாயில்ல." அவர் எதிர்ச் சுவரைக் காட்டினார். "புள்ளி மேல கையை வைங்க. அது போற பக்கம் கையும் போகட்டும்."

இன்னாசி உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். சிவப்புப் புள்ளி புறங்கையில் விழுந்தது. அது இடமாகப் போனது, கையும் போனது. வலமாக வந்தது, கையும் வந்தது. முதலில் கை பின்தங்கியது. பிறகு சேர்ந்துகொண்டது. சில முறை அகலமாக ஆடியது, பிறகு கொஞ்சம் அடங்கியது, மறுபடி அகலமாக ஆடியது.

"இப்பக் கண்ணை மூடிக்குங்க. கையை நிறுத்த வேண்டாம்."

மூடிக்கொண்டார். கை போய்வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. எதைப் பற்றியும் நினைக்கவுமில்லை.

"கண்ணைத் திறங்க."

திறந்தார். புள்ளி அவர் புறங்கையின் நடுவிலேயே இருந்தது. கண் பார்க்காமலே கை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னாசி குனிந்து தன் காலைப் பார்த்தார். இரண்டும் அகல விரிந்திருந்தன. முட்டி லேசாக மடங்கியிருந்தது. உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. தரையில் நிற்கிற யாரும் அப்படி நிற்கமாட்டார்கள். வள்ளத்தில் நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"நாலஞ்சு பெருசா வந்துட்டு ஒரு அடங்கல் வருது" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அந்த அடங்கல்லதான் வள்ளத்தைத் தள்ளணும்னு அப்பா சொல்லுவாரு. மேடம், வங்கக்கடல்ல புயல் கியல் இருக்கா?"

"காலையிலேர்ந்து நியூஸ்ல சொல்றாங்க. நீங்க பாக்கல."

"இது கடலா?"

"கடல்தான்."

"இம்புட்டுத் தூரத்துலயா? மலைக்குள்ளயா?"

அரசி மேடம் இரண்டு கைகளையும் எதிரெதிராக நகர்த்தி விரல்களைச் சேர்த்தார். "ஒரு பக்கமா போற அலை ஆழத்துல மண்ணைத் தொடாது சார். மேலயே போயிடும். எதிரெதிரா வர்ற ரெண்டு அலை சந்திச்சா மட்டும் அந்த அழுத்தம் அடிமண் வரைக்கும் இறங்கும். இறங்கினதைப் பாறை வாங்கிக்கும். பாறை அதை எங்க வேணாலும் கொண்டுபோகும். தர்மபுரிக்கு, டெல்லிக்கு, இமயமலைக்கு. கடல் இருக்கிற வரைக்கும் நிக்காது."

இன்னாசி சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். சாய்ந்த பிறகுதான் அந்தச் சுவரும் ஆடுகிறது என்பது நினைவுக்கு வந்தது. சுவர் ஆடியது, மலை ஆடியது. குப்பு அக்காவின் அடுப்பும், பள்ளிக்கூடமும், மாலையில் கை காலை ஆட்டும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். படியில் வைத்த தண்ணீரும் ஆடியிருக்கிறது. குனிந்து பார்த்த அவரும் அதோடு சேர்ந்து ஆடியதால் அது தெரியவில்லை. தர்மபுரியில் அவர் நின்று பாடம் நடத்திய தரை, தூக்கம் வராமல் புரண்ட கட்டில், அம்மாவைப் புதைத்த மண் எல்லாமே இத்தனை வருடமும் ஓசையில்லாமல் அலையில் போய்வந்துகொண்டிருந்தன. அவர் எவ்வளவு தூரம் ஓடினாலும் அது காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

முதலில் அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு பயம் விலகி, உடம்பெல்லாம் சிலிர்க்க, கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் சுவரிலிருந்த புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வெகு நேரம் கழித்து, "உங்களுக்கு இது முதல்லயே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல மேடம்? கிணத்து மோட்டாரையெல்லாம் நிறுத்தினேனே. ஊரே என்னைப் பைத்தியக்காரன்னு பேசிச்சே."

"கடல் சத்தம் கேக்காத இடம் வேணும்னு சொல்லிட்டு வந்தீங்க" என்றார் அரசி மேடம். "அப்பிடி ஒரு இடத்தை நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

இன்னாசி மேலே போய்ச் சாக்குக்கட்டியை எடுத்தார். நிலாவுக்குக் கீழே 'கடல்' என்று எழுதினார். பையைத் திரும்பத் தங்கும் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை குழு வந்தது. தலைவர் வேதாசலம் கறாரான மனிதர். நாற்காலியில் உட்காரும் முன்பே, "பூச்சோட எண் என்ன?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சார்."

"இல்லையா? கணினியில கழிச்சு ஓர் எண் எடுத்ததாக் கேள்விப்பட்டேனே."

"அது என்னதுன்னு தெரியாமக் கழிச்சது சார். அதுல பூச்சு எவ்வளவு, மத்தது எவ்வளவுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அந்த எண்ணை நம்பி ஒருத்தர் எலும்புல தகட்டை வைக்கக் கூடாது."

"அப்ப இத்தனை நாள் என்ன கண்டுபிடிச்சீங்க?"

"நடுக்கத்துக்குப் பேர்."

"ஒரு பேர். அவ்வளவுதானா?"

இன்னாசி பேசி விளக்க முற்படவில்லை. குழுவினரைக் கீழே அழைத்துக்கொண்டு போனார். சுவரைக் காட்டினார். "புள்ளி மேல கையை வைங்க சார். அது போற பக்கம் போங்க."

கரை கடந்துவிட்ட புயலின் மிச்சம் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. வேதாசலம் கை வைத்தார். கை போய்வந்தது. "இது என்ன?" என்று கேட்டார்.

"கடல் சார். வங்கக்கடல்."

வேதாசலம் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கறாரான அந்த மனிதர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். எல்லோரும் மேலே ஏறி வெகு நேரமாகியும் அவர் மட்டும் வரவில்லை.

மேலே வந்தபோது செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்திருந்தார். "இது நான் கேட்ட எண் இல்ல" என்றார் அரசி மேடத்திடம். "கடலைக் கழிச்சிட்டு எண்ணைக் காட்டட்டும். அடுத்த மழைக்காலம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள முடிஞ்சா இடம் அவருக்கு. முடியலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." காருக்குப் போகிறவரைக் குப்பு அக்கா செருப்போடு ஓடிப்போய் நிறுத்தினார்.

அவர்கள் போன பிறகு இன்னாசி கீழே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரசி மேடம் இறங்கி வந்தார்.

"இப்ப பேர் தெரிஞ்சு போச்சு. கழிச்சுக்கலாம்லா மேடம்?"

"கழிக்கலாம்."

"எப்பிடிக் கழிக்கது?"

"விளக்கை எப்பிடிக் கழிச்சோம்?"

"விளக்கோட சூட்டைத் தனியா அளந்தோம். அதைக் கழிச்சோம்."

"நிலாவை?"

"அதையும் தனியா அளந்துதான்." சொல்லி முடிப்பதற்குள் இன்னாசிக்கு அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கரையில ஒரு கருவி வைக்கணும்" என்றார் இன்னாசி மெல்ல. "அலை வர வர அங்க அளக்கணும். இங்க ஆடுறதையும் அங்க அடிக்கிறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். எங்க ஊர்க் கடலை எனக்குத் தெரியும். எந்தக் காத்துக்கு எப்பிடி எந்திரிக்கும்னு தெரியும். ஆனா மேடம், வேற யாராவது போய் அந்தக் கருவியை வைக்கக் கூடாதா?"

"வைக்கலாம்."

சுவரில் புள்ளி போய்வந்துகொண்டிருந்தது. நாலைந்து முறை அகலமாக ஆடியது. பிறகு ஓர் அடங்கல் வந்தது.

இன்னாசி நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் போகாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போனா எப்பத் திரும்பி வருவேன்னு சொல்ல முடியாது மேடம். அந்தக் கரையில போய் நின்னப்புறம் நான் எப்பிடி இருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுக்குள்ள இந்த இடம்?"

அரசி மேடம் ஓரமாக இருந்த விளக்கை எடுத்து, அவர் எழுந்த சூடு ஆறுமுன் நாற்காலியில் வைத்துப் போட்டார்.

"நீங்க போனது இந்த அறைக்குத் தெரியாது சார்."